மாண்டலினுக்கு ஏற்ற முதல் மெட்டுகளைக் கண்டெடுப்பது எப்படி?

மாண்டலினைக் கையில் எடுத்த முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லாரும் தமக்கு மிகவும் பிடித்த பாடலைத்தான் வாசிக்க முயல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெதுவாக இழைந்து செல்லும் ஒரு பாடல் அது. வேகமே இல்லை, ஆகவே எளிதாக இருக்கும் என்று நம்பினேன். பாடகரின் குரலில் மூன்று நொடி நின்று உருகிய ஸ்வரம், என் கையில் ஒரு சிறு மணியைத் தட்டியதுபோல ஒலித்து, அடுத்த ஸ்வரம் வருவதற்குள்ளேயே அடங்கிப்போனது. இரண்டு வாரம் போராடிக் கைவிட்ட பின், துள்ளலான ஒரு பழைய நடன மெட்டைப் பாதி வேகத்தில் வாசித்துப் பார்த்தேன். நான்காம் நாள் அது முழுதாகக் கைக்கு வந்துவிட்டது.

ஒரு மெட்டு எளிதா கடினமா என்பதை அதன் வேகத்தையோ புகழையோ வைத்துச் சொல்லிவிட முடியாது. அது மாண்டலினின் தந்திகள்மேல் எப்படி அமர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கணிக்கக் கற்றுக்கொண்டவருக்கு, யாரோ தொகுத்த 'எளிய பாடல்கள்' பட்டியல் தேவைப்படாது. எந்த மெட்டைக் கேட்டாலும் இப்போது எடுக்கலாமா, ஆறு மாதம் கழித்து எடுக்கலாமா என்று அவரே சொல்லிவிடலாம்.

முதலில் விரல்களின் அடியில் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்

மாண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு ஜோடிகளாக உள்ளன. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதியில் சேர்க்கப்படுவதால், அதை ஒரே தந்தியாகவே கருதலாம். தடித்த ஜோடியிலிருந்து தொடங்கினால், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஜி, டி, ஏ, ஈ என்பது அவற்றின் வரிசை. ஏ தந்தி 440 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். இது வயலினின் அதே சுருதி அமைப்பு என்பதை நினைவில் வையுங்கள். மெட்டுத் தேடும்போது இந்த ஒரு செய்தி பெரிதும் கைகொடுக்கும். ஜோடியில் ஒரு தந்தி சற்றே பிசகியிருந்தாலும் எந்த மெட்டும் கரகரப்பாகத்தான் ஒலிக்கும்; ஆகவே மெட்டைக் குறை சொல்வதற்கு முன் ட்யூனரை (சுருதியைச் சரிபார்க்கும் கருவியை) ஒருமுறை பாருங்கள்.

அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஸ-ப இடைவெளி இருக்கிறது. அதனால் டி தந்தியை விரல் வைக்காமல் மீட்டி அதை ஸட்ஜமாகக் கொண்டால், அதே தந்தியின் 2, 4, 5-ஆம் ஃப்ரெட்டுகளில் (ஃப்ரெட் என்பது வாத்தியத்தின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) ரி, க, ம கிடைக்கும்; பஞ்சமத்துக்கு விரலே வேண்டாம், ஏ தந்தியை வெறுமனே மீட்டினால் போதும்; அதன் 2, 4, 5-ஆம் ஃப்ரெட்டுகளில் த, நி, மேல் ஸ. மேற்கத்திய இசையில் டி மேஜர் என்றும், நம் இசையில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் என்றும் சொல்லப்படும் வரிசை இதுதான். இரண்டு தந்திகளிலும் விரல்களின் இடம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்: 0, 2, 4, 5, பிறகு மறுபடியும் 0, 2, 4, 5. இரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், நான்காம் ஃப்ரெட்டுக்கு நடுவிரல், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மோதிர விரல். இந்த அச்சை அப்படியே ஜி, டி தந்திகளுக்கு இறக்கினால் ஜி மேஜர். ஏ, ஈ தந்திகளுக்கு ஏற்றினால் ஏ மேஜர்.

டி, ஜி, ஏ ஆகிய மூன்று சுருதிகளில் (அதாவது இவற்றில் ஒன்றை ஸ-வாகக் கொண்டு) அமைந்த மெட்டுகளை முதலில் தேடச் சொல்வதன் காரணம் இதுதான். விரல் வைக்காமல் மீட்டும் தந்திகள் (வெறுந்தந்திகள் என்று வைத்துக்கொள்வோம்) இந்த மூன்றிலும் மெட்டின் முக்கியமான ஸ்வரங்களாக வந்து நிற்கும். அங்கெல்லாம் இடக்கைக்கு ஓய்வு கிடைக்கும். பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் போன்ற சுருதிகளில் அந்த ஓய்வு பெருமளவு பறிபோகும்.

ஒரு மெட்டை எடுக்குமுன் இரண்டு நிமிடம் சோதியுங்கள்

வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மெட்டை முழுதாக முணுமுணுத்துப் பாருங்கள். எங்காவது தடுமாறினால் அந்த மெட்டு இன்னும் உங்களுடையதாகவில்லை. தெரியாத மெட்டைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் புதியவர், தவறான ஸ்வரம் விழுந்ததைக்கூட உணரமாட்டார். நன்கு தெரிந்த மெட்டில் காதே ஆசிரியராக இருந்து திருத்தும். இந்த ஒரு சோதனையில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை. வேண்டுமானால் அந்த மெட்டை ஒரு வாரம் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

அடுத்ததாக, மெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கும் மிக உயர்ந்த ஸ்வரத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு ஸ்தாயிக்குள் (ஸ-விலிருந்து மேல் ஸ வரையிலான தூரத்துக்குள்) அடங்கினால் இரண்டு தந்திகளில் வேலை முடிந்துவிடும். ஒன்றரை ஸ்தாயி வரை போனாலும் சமாளிக்கலாம். ஈ தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஏறும் மெட்டு என்றால் இடக்கை முழுவதும் நகர வேண்டியிருக்கும். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

மெட்டு படிப்படியாக நடக்கிறதா, தாவுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஸ ரி க ம என்று பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் நடக்கும் மெட்டு விரலுக்கு இதமானது. ஆனால் தாவல் எல்லாமே கடினம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவுவது குரலுக்குக் கொஞ்சம் முயற்சி. மாண்டலினிலோ அது ஒரு வெறுந்தந்தியிலிருந்து அடுத்த வெறுந்தந்திக்குப் போவது மட்டுமே. இடக்கைக்கு எளிதான இதே தாவல், வலக்கையில் உள்ள பிக்குக்கு (தந்தியை மீட்டும் சிறு தகட்டுக்கு) சற்றே கடினம், ஏனெனில் அது ஒரு ஜோடியைத் தாண்டி அடுத்த ஜோடியைத் தவறாமல் தொட வேண்டும். மெட்டு முழுக்கத் தந்தி மாறிக்கொண்டே இருந்தால் அதைத் தள்ளிவையுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது நீண்ட ஸ்வரம். மாண்டலினின் தந்தி குட்டையானது. மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடும். அந்த ஒலியை நிலைக்கவைக்கத்தான் பிக்கை வேகமாக மேலும் கீழும் அசைத்து ஒரே ஸ்வரத்தை நடுங்கவைக்கும் ட்ரெமலோ என்னும் உத்தி இருக்கிறது. அது சீராக வருவதற்குப் பலருக்கு மாதங்கள் ஆகும். ஆகவே, வேகம் குறைந்த சோகப் பாடல் புதியவருக்கு ஒரு பொறி. சிறுசிறு ஸ்வரங்கள் அடுத்தடுத்து வரும் நடன மெட்டுதான் உண்மையில் நட்பானது. பதிவில் அது வேகமாகக் கேட்கிறது என்பதற்காக நீங்களும் அதே வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கமகம் நிறைந்த பாடல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃப்ரெட்டுகள் ஸ்வரத்தை ஓரிடத்தில் பூட்டிவிடுவதால், வழுக்கலும் அசைவும்தான் உயிர் என்றிருக்கும் பாடலின் வெறும் எலும்புக்கூடே முதலில் உங்கள் கைக்கு வரும். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தார் என்பது உண்மை. அது முதல் மாதத்து வேலை அன்று.

எங்கே தேடுவது

மாண்டலின் என்ற பெயரில் மட்டும் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். வயலின் என்று தேடுங்கள். சுருதி அமைப்பு ஒன்றே என்பதால், வயலின் கற்பவருக்காக எழுதிய தொடக்க நூல் எதுவும் ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல் மாண்டலினுக்குப் பொருந்தும். வில்லுக்கான குறிகளை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். குறிப்பாக, சுசுகி முறையின் முதல் வயலின் தொகுதியில் ஆரம்ப மெட்டுகள் ஏ மேஜரில், மேலே சொன்ன அதே விரல் அச்சில் அமைந்திருப்பதால், அது மாண்டலின் கற்பவருக்கு ஒரு மறைமுகப் பாடநூலாகவே பயன்படும். ஐரிஷ், ஸ்காட்டிஷ், அமெரிக்க நாட்டுப்புற வயலின் மெட்டுகளும் அப்படியே. இவற்றில் மிகப் பெரும்பான்மை டி, ஜி, ஏ சுருதிகளில் இருப்பது தற்செயல் அன்று. வயலின்காரரின் விரலுக்கும் வெறுந்தந்திதான் நண்பன்.

இந்த மெட்டுகளை ஏபிசி குறியீடு என்ற எளிய எழுத்து முறையில் சேமித்துவைத்திருக்கும் இணையத் தொகுப்புகள் உண்டு. ஐரிஷ் மெட்டுகளுக்கு 'தி செஷன்' அவற்றில் பெரியது. இக்குறியீட்டில் பெரிய எழுத்து டி என்றால் மாண்டலினின் வெறும் டி தந்தி, பெரிய ஏ என்றால் வெறும் ஏ தந்தி, சிறிய எழுத்து ஈ என்றால் வெறும் ஈ தந்தி, காற்புள்ளி ஒட்டிய பெரிய ஜி என்றால் வெறும் ஜி தந்தி. இந்த நான்கு அடையாளக் கற்களை மனத்தில் வைத்துக்கொண்டால், ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாதவரும் பெரும்பாலான மெட்டுகளைத் தட்டுத்தடுமாறி எடுத்துவிடலாம். ஏபிசி குறியீட்டை மென்பொருளில் இட்டால் அது வாசித்தும் காட்டும், சுருதியை மாற்றியும் கொடுக்கும்.

டேப் எனப்படும் ஃப்ரெட் எண் குறிப்பு இன்னும் எளிது. நான்கு கோடுகளில் மேல்கோடு மெல்லிய ஈ தந்தி, கீழ்க்கோடு தடித்த ஜி தந்தி. கோட்டின் மேலுள்ள எண் ஃப்ரெட்டைக் குறிக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிறிய கிட்டார் போன்ற யுகுலேலிக்கும் நான்கு தந்திகள் என்பதால் அதன் டேப்பும் நான்கு கோடுகளிலேயே இருக்கும். அதன் சுருதியோ ஜி, சி, ஈ, ஏ. அதை எடுத்து மாண்டலினில் வாசித்துவிட்டு, எண்கள் எல்லாம் சரி, ஆனால் மெட்டு ஏன் விபரீதமாக ஒலிக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கிட்டார் டேப் ஆறு கோடுகளில் இருப்பதால் அந்தக் குழப்பம் வராது. ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்த்த டெனர் பாஞ்சோ என்னும் நான்கு தந்தி வாத்தியத்தின் டேப் மட்டும் அப்படியே பொருந்தும்; அது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவே. டேப்பில் பெரும்பாலும் தாள அளவு எழுதப்படுவதில்லை என்பதால், ஒலிப்பதிவு இல்லாத டேப்பை, முன்பே தெரிந்த மெட்டாக இருந்தாலொழிய, நம்ப வேண்டாம்.

தொடங்குவதற்குச் சில மெட்டுகள்

'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று உலகமெங்கும் குழந்தைகள் பாடும் பழைய பிரெஞ்சு மெட்டிலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. டி தந்தியில் 0 0, ஏ தந்தியில் 0 0 2 2 0, மறுபடியும் டி தந்தியில் 5 5 4 4 2 2 0. இதில் ஸ-ப தாவல், தந்தி மாற்றம், மூன்று விரல்களும் இறங்கிவருதல் ஆகிய மூன்றும் ஒரே அடியில் வந்துவிடுகின்றன. எல்லா மீட்டலும் கீழ்நோக்கியே இருக்கட்டும். பிறகு அதையே ஒரு தந்தி தள்ளி ஜி, டி தந்திகளிலும், ஏ, ஈ தந்திகளிலும் வாசித்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றும் மாறாமல் மெட்டு மூன்று சுருதிகளில் உங்களுடையதாகிவிடும்.

அடுத்து, பெத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியில் (1824) கோரஸ் பாடும் புகழ்பெற்ற மெட்டு. டி தந்தியில் 4 4 5, ஏ தந்தியில் 0 0, டி தந்தியில் 5 4 2 0 0 2 4, பிறகு 4 2 2. இரண்டாம் வரியும் இதேதான். முடிவு மட்டும் 2 0 0. பெரும்பாலும் தாவலே இல்லாமல் ஐந்து ஸ்வரங்களுக்குள் நடக்கும் மெட்டு இது. மூன்றாம் வரியின் கடைசியில் ஒரே ஒருமுறை ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு இறங்கும். அந்த ஓரிடத்தைத் தனியே பத்து முறை வாசித்துவிட்டு முழுமெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக வலக்கைக்கு ஒரு மெட்டு வேண்டும். 'பாயில் தெம் கேபேஜ் டவுன்' என்னும் அமெரிக்க நாட்டுப்புற மெட்டு ஏ சுருதியில் ஒற்றை ஏ தந்தியிலேயே, 0, 2, 4, 5 என்ற நான்கு ஸ்வரங்களுக்குள் முடிந்துவிடும். இடக்கைக்கு வேலை இவ்வளவு குறைவாக இருப்பதால், நெடில்-குறில்-குறில் என்ற நடையில் கவனம் முழுவதையும் வைக்கலாம்: நெடிலுக்குக் கீழ்மீட்டல், இரண்டு குறில்களுக்குக் கீழ், மேல். தாளத்தின் அடி விழும் இடத்தில் பிக் எப்போதும் கீழ்நோக்கிப் போக வேண்டும் என்ற விதியை இந்த மெட்டிலேயே பழகிவிட்டால், பின்னால் வரும் வேகமெல்லாம் அதன்மேல் கட்டப்படும். நான் இதைத் தாமதமாகக் கற்று, பழைய பழக்கத்தை அழிக்கவே பல மாதங்கள் செலவழித்தேன்.

நான்காவது, 'அமேஸிங் கிரேஸ்'. அதன் வரிகள் 1779-இல் அச்சானவை. இன்று பாடப்படும் மெட்டு 1835-இல் அவற்றோடு சேர்ந்தது. இவ்வளவு பழையது என்பதால் காப்புரிமைச் சிக்கலின்றிக் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட மெட்டு இது. மோகனம் அறிந்தவர்களுக்கு அந்த ஸ ரி க ப த உடனே பிடிபடும். ஜி சுருதியில் வாசித்தால் டி தந்தியில் 0, 2, 5, ஏ தந்தியில் 0, 2, 5 என்ற ஆறே இடங்களில் முழுமெட்டும் அடங்கிவிடுவது ஓர் அழகு. இதில் நீண்ட ஸ்வரங்கள் உண்டு. ஆகவே ட்ரெமலோவை முதன்முதலில் தொட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மெட்டை நான் கண்டதில்லை. ட்ரெமலோ வராத நாளில், நீண்ட ஸ்வரத்தை ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மீட்டிச் சமாளிக்கலாம்.

இவை நான்கும் வந்தபின், 'ஆஞ்சலின் த பேக்கர்' போன்ற டி சுருதி நடன மெட்டு ஒன்றை எடுங்கள். இத்தகைய மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக, ஒவ்வொன்றும் எட்டுத் தாளக்கட்டங்களாக, இருமுறை வாசிக்கப்பட்டு மொத்தம் முப்பத்திரண்டாக அமையும். முப்பத்திரண்டு என்று அஞ்ச வேண்டாம். ஒரு பகுதியின் ஐந்தாம், ஆறாம் கட்டங்கள் பல மெட்டுகளில் முதலிரண்டின் மறுவாசிப்பாகவே இருக்கும், எனவே உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது அதில் பாதிக்கும் குறைவு.

பிடித்த மெட்டு ஒவ்வாத சுருதியில் கிடைத்தால்

பாடல் புத்தகங்கள் பாடுபவரின் குரலுக்காகவோ பியானோவுக்காகவோ எழுதப்படுவதால், எஃப், பி ஃப்ளாட் என்று நமக்கு வசதியற்ற சுருதிகளில் கிடைப்பது இயல்பு. அதை ஸ்வரங்களாக எழுதிக்கொள்வதே என் வழி. மெட்டு எந்த ஸ்வரத்தில் வந்து அமைதியாக முடிகிறதோ அதைப் பெரும்பாலும் ஸ என்று கொள்ளலாம். மற்றவற்றை அதை ஒட்டி ஸ ரி க ம என்று எழுதிவிட்டு, டி தந்தியை ஸ-வாக வைத்து வாசியுங்கள். க சற்று இறங்கியதாக ஒலித்தால் 4-க்குப் பதில் 3; ரி இறங்கியிருந்தால் 2-க்குப் பதில் 1. பிடித்த திரைப்பாடலையும் இப்படித்தான் காதால் கேட்டு எடுக்க முடியும். எடுக்கும்போது பாடகரின் வரியை மட்டும் பின்பற்றுங்கள். இடையிசையைத் தொடவே வேண்டாம், அங்கேதான் முதல்முறை முயல்பவர்கள் மூழ்கிப்போகிறார்கள். ஸ-வுக்குக் கீழே வெகுதூரம் இறங்கும் பாடலென்றால் ஏ தந்தியை ஸ-வாக வைத்துப் பாருங்கள். கீழே இரண்டு தந்திகள் காத்திருக்கும்.

தேர்ந்தெடுத்த பின்

பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். யூடியூபில் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாது என்பதால் கூடவே வாசிக்கலாம். மெட்ரோனோமை (தாள அடியைத் தட்டிக்காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 அடிகளில் வைத்து, ஒரு சொற்றொடர் அளவுள்ள துண்டை மூன்று முறை தவறின்றி வாசித்தபின் அடுத்த துண்டுக்குப் போங்கள். துண்டுகளை இணைக்கும் இடத்தில்தான் தடுமாற்றம் வரும். ஆகவே ஒரு துண்டின் கடைசி இரண்டு ஸ்வரங்களையும் அடுத்ததன் முதல் இரண்டையும் சேர்த்துத் தனியே பழகுவது, முழுமெட்டையும் இருபது முறை ஓட்டுவதைவிடப் பலன் தரும். ஒரே நேரத்தில் மூன்று மெட்டுகளுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம்: ஒன்று நன்றாக வந்தது, ஒன்று வந்துகொண்டிருப்பது, ஒன்று இப்போதுதான் தொட்டது.

நடன மெட்டு ஒன்றைக் குறிப்பைப் பார்க்காமல், மிதமான வேகத்தில், நிற்காமல் இருமுறை வாசிக்க முடிந்தால் ஜிக் வகை மெட்டுகளுக்குப் போகலாம். அவை ஆறு குறில்களை மும்மூன்றாகப் பிரித்து நடப்பவை. அங்கே பிக்கின் போக்கு கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று மாறுவதால், மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துக் கீழ்மீட்டலாக வரும். இதை மெட்டில் இறங்குவதற்கு முன், ஒரு வெறுந்தந்தியிலேயே சில நாள் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஜி சுருதியில் அமைந்த 'கெஷ் ஜிக்' என்ற ஐரிஷ் மெட்டைத் தேடி எடுத்து, முதல் பகுதியை மட்டும் முணுமுணுக்கத் தொடங்கலாம்.